அப்பா அன்றைக்கும் பனையேறினார்

உங்கள் கேள்வி, ஐயர் (சபைப் போதகர்) பதில்

கிறிஸ்துமசுக்கு முந்திய அட்வெந்து ஞாயிறுகள் வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மற்ற மாதங்களில் பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம், கல்யாண ஓலை எத்தனை வாரம் வாசிக்க வேண்டும், சபைத் தேர்தலில் யார் நிற்கலாம் என்று கேட்பவர்கள், மார்கழி நெருங்கினால் ஆண்டவர் இயேசு மறுபடியும் வருகிற இரண்டாம் வருகையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த மாதம் பத்திரிகை ஆசிரியர் அனுப்பிய கட்டுக்குள் பதினேழு கடிதம். பதினொன்றில் இதே விஷயம். ஏழு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்ற நான்கு பேர் கோபிக்க வேண்டாம், உங்கள் கேள்வியும் இந்த ஏழுக்குள் எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

*

என் அப்பா தினமும் யூடியூபில் ஒரு கிறிஸ்தவ ஊழியரின் பிரசங்கம் கேட்கிறார். அடுத்த வருஷத்துக்குள் வருகை என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்கிறாராம். எங்கள் வீடு பாதியில் நிற்கிறது. 'இனி எதுக்குடா காங்கிரீட்' என்கிறார் அப்பா. என்னையும் டிஎன்பிஎஸ்சி பரீட்சைக்குப் படிக்க வேண்டாம், ஊழியத்துக்கு வா என்கிறார். நான் என்ன செய்ய?
24 வயது வாசகர், தூத்துக்குடி

தம்பி, படிப்பை நிறுத்தாதே. அதை முதலில் சொல்லிவிட்டேன், மற்றதை அப்புறம் பேசுவோம்.

தேதி சொல்கிறவர்களை எனக்கு நன்றாகவே தெரியும். நானே ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் நின்றவன். 1979ஆம் வருஷம். எனக்கு உன் வயது. தேரிக்காட்டு ஊர் ஒன்றில் தற்காலிக வாத்தியார் வேலை. அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்கலம் கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டீக்கடையிலும் கிணற்றடியிலும் பேச்சே அதுதான். அந்தச் சமயம் பார்த்து எங்கள் பக்கம் ஒரு பிரசங்கியார் வந்து நாலு நாள் கூட்டம் போட்டார். நட்சத்திரங்கள் வானத்திலிருந்து விழும் என்ற வசனம் இதைத்தான் சொல்கிறது, இந்த வருஷம் தாண்டாது என்றார். கரும்பலகையில் கூட்டிக் கழித்துக் காட்டினார். நான் கணக்கு வாத்தியார் வேறு. கூட்டல் சரியாக இருந்ததால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். தங்கச்சி கல்யாணத்துக்காக அம்மா வளர்த்துவந்த ஐந்து ஆட்டையும் விற்று, அவருடைய துண்டுப் பிரசுரம் அச்சடிக்கக் கொடுத்தேன்.

ஜூலை 11 வந்தது. இருக்கிறவரைக்கும் நன்றாகச் சாப்பிட்டுவிடுவோம் என்று ஊரில் பாதி வீட்டில் கோழி அடித்துவிட்டார்கள். சாயங்காலம் ஜெபத்துக்குக் கோவில் மணி அடித்தது. எங்கள் அப்பா அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு பனங்காட்டுக்குக் கிளம்பினார். நான் வாசலில் மறித்து, "இன்னிக்குமாப்பா?" என்றேன்.

"பாளைய ஒரு நேரம் சீவாம விட்டா அடைச்சுக்கிடும்லே" என்றார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார். "வாறவரு வந்தா மரத்துலருந்தே கூட்டிட்டுப் போவட்டும். அம்புட்டு உசரம் அவருக்கு மிச்சம்."

ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாகச் சிதறி விழுந்தது. அங்கே எஸ்பரன்ஸ் என்கிற ஊர்க்காரர்கள், எங்கள் இடத்தில் குப்பை போட்டுவிட்டீர்கள் என்று நாசாவுக்கு வேடிக்கையாக 400 டாலர் அபராதம் போட்டார்கள். எங்கள் ஊரில் அபராதம் கட்டியது என் தங்கச்சி. கல்யாணம் ஒன்றரை வருஷம் தள்ளிப்போயிற்று. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடில்லாத கொட்டிலைத் தினமும் காலையில் பெருக்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பிரசங்கியார் அதற்குப் பிறகு எங்கள் திசைக்கே வரவில்லை.

இப்படிக் கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்று ஒரு விவசாயி, நேர்மையான மனிதர். தானியேல் புஸ்தகத்தில் வருகிற 2300 இராப்பகலை 2300 வருஷம் என்று எடுத்துக்கொண்டு கி.மு. 457இலிருந்து எண்ணினார். 1843, 1844 பக்கம் வந்து நின்றது. அவரைச் சேர்ந்தவர்கள் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்துவிட்டார்கள். விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்கள் உண்டு. நள்ளிரவு தாண்டியது. பொழுது விடியும்வரை அழுதோம் என்று அவர்களில் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நம் பக்கத்துத் திருவிதாங்கூரில் யுஸ்தூஸ் யோசேப்பு, மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிற பாட்டுகளை எழுதியவர், 1881இல் ஆண்டவர் வருவார் என்று சொல்லி ஒரு கூட்டத்தையே காத்திருக்க வைத்தார். 1992 அக்டோபர் 28 இரவு தென்கொரியாவில் ஆயிரக்கணக்கானோர் விழித்திருந்தார்கள். அவர்களுக்குத் தேதி கொடுத்த போதகரோ அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்கிற கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போனார். இவரை மில்லரோடு ஒரே வரிசையில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. உன் அப்பா கேட்கிற ஊழியரும் வண்டிக்கு இன்சூரன்ஸ் எதுவரை கட்டியிருக்கிறார் என்று விசாரித்துப் பார்க்கலாம்.

"அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்பது ஆண்டவரின் வாய்ச்சொல். மாற்கு எழுதின சுவிசேஷத்தில் குமாரனும் அறியார் என்றே இருக்கிறது. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

அப்பாவோடு சண்டைக்குப் போகாதே. பயந்த மனிதரிடம் வாதாடி ஜெயித்தவர் இல்லை. சாயங்கால ஜெபத்தில் உன் முறை வரும்போது பவுல் அப்போஸ்தலர் எழுதின இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தின் நாலாம் அதிகாரத்தை நிதானமாக வாசி. பவுல் சிறையில் இருக்கிறார், சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அவருக்கே தெரியும். ஆண்டவர் பிரசன்னமாவதை விரும்புகிற எல்லாருக்கும் நீதியின் கிரீடம் உண்டு என்று எட்டாம் வசனத்தில் எழுதுகிறார். ஐந்து வசனம் தள்ளிப் போனால், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை வரும்போது எடுத்துக்கொண்டு வா, புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டு வா என்கிறார். அதிகாரம் முடிகிற இடத்தில், மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். வருகைக்காகக் காத்திருக்கிறவர் குளிருக்குப் போர்வை கேட்கிறார். வாசிக்கப் புஸ்தகமும் கேட்கிறார். இதை வாசித்துவிட்டு நீ எதுவும் விளக்கம் சொல்லாதே. அவரே யோசிக்கட்டும். ஊழியத்துக்குப் போவது நல்லதுதான், ஆனால் பரீட்சைக்கு பயந்து ஒளிகிற இடமாக அது ஆகிவிடக் கூடாது.

பிறகு, கம்பியை வெளியே நீட்டியபடி விடாதீர்கள். தூத்துக்குடி உப்புக் காற்றில் இரண்டு மழைக்குள் துருவேறிவிடும். சிமெண்டுக் குழம்பாவது பூசி வையுங்கள்.

*

ஆதார் எண், கியூஆர் கோடு, கைபேசியில் பணம் அனுப்புவது, இவையெல்லாம் 666 முத்திரையா?
மளிகைக் கடைக்காரர், நாசரேத்

இல்லை அண்ணாச்சி.

வேதாகமத்தின் கடைசிப் புஸ்தகமான வெளிப்படுத்தலின் 13ஆம் அதிகாரத்தில், மிருகத்தின் முத்திரை இல்லாமல் ஒருவனும் வாங்கவும் விற்கவும் முடியாது என்றும், அந்த மிருகத்தின் எண் 666 என்றும் இருக்கிறது. அது எழுதப்பட்ட காலத்தில் எபிரேயர்களும் கிரேக்கர்களும் எழுத்தையே எண்ணாக வைத்திருந்தார்கள். நம் பழைய கணக்கில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று இருந்ததில்லையா, அதே மாதிரி. நீரோ இராயன், அதாவது ரோமச் சக்கரவர்த்தி நீரோ, என்ற பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். அந்தப் பெயரையே லத்தீன் உச்சரிப்புப்படி ஓர் எழுத்தைக் குறைத்து எழுதினால் 616 வரும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. முதலில் வாசித்த சபையார் யாரைப் பற்றிய பேச்சு என்று புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இராயனை தெய்வம் என்று கும்பிட்டால்தான் பிழைப்பு நடக்கும் என்கிற நிலையில் அவர்கள் இருந்தார்கள். அதிகாரத்தில் இருப்பவனைக் கடவுளாக்கும் ஆபத்து எல்லாக் காலத்துக்கும் உண்டு. அது உங்கள் கல்லாப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் கட்டம்போட்ட அட்டைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. கொரோனா ஊசியை முத்திரை என்று சொல்லிப் போடாமல் இருந்த ஒருவரை நானே அடக்கம் செய்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

2023 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். பீரோ, அரிசி, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் போயிற்று. இதெல்லாம் கடைசிக் காலத்தின் அடையாளம் இல்லையா?
ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்

அம்மா, அந்த மழையை நானும் பார்த்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஒரு வருஷத்து மழை ஒரு நாளில் வந்தால் எந்தக் குளம் தாங்கும்?

யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி என்று ஆண்டவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த இடத்தை முழுதாக வாசிக்கிறவர்கள் குறைவு. "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்... ஆனாலும், முடிவு உடனே வராது" என்பதும் அதே வசனம்தான். பயமுறுத்த அல்ல, பதறாமல் இருக்கச் சொன்னது.

1780 மே 19 அன்று அமெரிக்காவின் வடகிழக்கில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. தூரத்துக் காட்டுத்தீயின் புகை என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? நியாயத்தீர்ப்பு நாள் என்று ஜனங்கள் தெருவில் அழுதார்கள். கனெக்டிகட் மாகாண மன்றத்தில் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்றபோது ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் எழுந்தார். அந்த நாள் வரவில்லையென்றால் கலைய வேண்டியதில்லை, வருகிறதென்றால் என் கடமையைச் செய்கிறவனாகவே நான் காணப்பட விரும்புகிறேன், ஆகவே மெழுகுவர்த்தி கொண்டு வாருங்கள் என்று சொன்னார். எங்கள் அப்பா டேவன்போர்ட் பெயரைக் கேள்விப்பட்டதே கிடையாது.

உங்கள் ஊர் ஸ்டேஷனில் அந்த வெள்ளத்தில் ரயில் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்களே, அவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் அல்லவா சோறு பொங்கிப் போட்டார்கள். தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்கும்போது. அடையாளம் தேடுகிறவர்கள் தண்ணீரை மட்டும் எண்ணுகிறார்கள், அந்தச் சோற்றுப் பானையையும் எண்ணலாம்.

சர்டிபிகேட்டுக்கு நகல் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

*

என் ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஆள் இல்லாததைப் பார்த்து, 'அம்மாவை எடுத்துக்கிட்டாங்க, என்னை விட்டுட்டாங்க' என்று அலறிவிட்டாள். ராத்திரி காய்ச்சல். விடுமுறை வேதாகமப் பள்ளியில் இரகசிய வருகையைப் பற்றிப் படம் காட்டினார்களாம். இப்போது நான் குளிக்கப் போனால்கூடக் கதவருகே நின்று கூப்பிட்டுப் பார்க்கிறாள்.
ஒரு தாய், பாளையங்கோட்டை

இந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பிள்ளையை பயமுறுத்தி ஆண்டவரிடம் சேர்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் எந்த ஆண்டவரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

ஒரு நொடியில் பாதிப் பேர் மாயமாக மறைந்துபோவார்கள், கார் ஆளில்லாமல் ஓடும், தொட்டிலில் குழந்தை இருக்காது என்கிற கதை பழைய கதை அல்ல. ஆண்டவர் முதலில் இரகசியமாக வந்து சபையை எடுத்துக்கொள்வார், பின்பு வெளிப்படையாக வருவார் என்று வருகையை இரண்டாகப் பிரித்துப் பேசும் போதனை 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்பவரால் பரவியது. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயிற்று. அதை நம்புகிற நல்ல விசுவாசிகள் எனக்கு நண்பர்களாக இருக்கிறார்கள், அவர்களோடு உட்கார்ந்து காபி குடிக்கிறேன். ஆனால் பதினெட்டு நூற்றாண்டுச் சபை பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்வது, உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் மகிமையோடே திரும்ப வருவார் என்பதுதான். மகிமையோடே வருகிறவர் பின்வாசல் வழியாகத் திருட்டுத்தனமாக ஏன் வர வேண்டும்? 'இரவிலே திருடன் வருகிறவிதமாய்' என்ற வசனத்தைக் காட்டுவார்கள். எதிர்பாராத நேரத்தில் என்பதுதான் அங்கே பேச்சு, பிள்ளையைத் தாயிடமிருந்து தூக்கிக்கொண்டு போவது அல்ல.

தெசலோனிக்கே ஊர்ச் சபையாருக்கு எழுதும்போது பவுல், ஆகாயத்தில் கர்த்தருக்கு 'எதிர்கொண்டுபோக' நாம் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்கிறார். ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னிகைகள் கதையில் நள்ளிரவில் மணவாளனுக்கு 'எதிர்கொண்டுபோக'ப் புறப்படச் சொல்கிறார்களே, கிரேக்கத்தில் அதே வார்த்தை. பவுல் கைதியாக ரோமாபுரிக்கு நடந்துவந்தபோது அங்கிருந்த சகோதரர்கள் அப்பியுபுரம்வரைக்கும் மூன்று சத்திரம்வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அங்கேயும் அதே வார்த்தை. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள் பவுலைப் பார்த்துவிட்டு எங்கேயும் மறைந்துபோகவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு தங்கள் ஊருக்குத்தான் போனார்கள்.

நமக்கு இதற்கு கிரேக்கம் எதற்கு? மாப்பிள்ளை அழைப்பு என்றால் போதும். என் சின்ன வயதில் மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஊர் எல்லைக்கு வந்ததும் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, மேளக்காரரை முன்னால் விட்டு, ஊரே எல்லைக்குப் போகும். பிள்ளைகள் நாங்கள்தான் முதலில் ஓடுவோம். மாலை போட்டு ஊருக்குள் அழைத்து வருவோம். எல்லைக்குப் போனவர்கள் யாரும் அப்படியே காணாமல் போனதாக நினைவில்லை. சோறு ஊருக்குள்தானே இருக்கிறது!

இன்று ராத்திரி மகளை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பின் கதையைச் சொல்லுங்கள். நீயும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்துதான் எல்லைக்குப் போவோம் என்று சொல்லுங்கள். குளிக்கும்போது கதவருகே வந்து கூப்பிட்டால் சலித்துக்கொள்ளாமல் பதில் குரல் கொடுங்கள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். அந்தப் படத்தைக் காட்டியவர்களை நேரில் பார்த்துப் பேசுங்கள், துணைக்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) ஐயரைக் கூட்டிப் போங்கள்.

*

2000 வருஷமாக 'சீக்கிரம், சீக்கிரம்' என்கிறீர்கள். எங்கள் ஊர் மினிபஸ்கூட இவ்வளவு தாமதம் இல்லை.
'நம்பிக்கை இல்லாதவன்' என்று கையெழுத்திட்டவர், திசையன்விளை

நல்லா இருக்கு. ஆனால் இந்தக் கேலிக்கு உரிமை உங்களுடையது அல்ல. "அவர் வருவார் என்று சொல்லுகிற வாக்குத்தத்தம் எங்கே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள் என்று பேதுருவின் இரண்டாம் நிருபத்திலேயே எழுதியிருக்கிறது. எங்கள் புஸ்தகம் உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே அச்சடித்துவிட்டது. அங்கே சொல்லும் பதில், அவர் தாமதிக்கவில்லை, பொறுமையாக இருக்கிறார், ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்று. ஆட்களுக்காக வண்டியை நிறுத்திவைத்திருக்கிறார் என்று வேண்டுமானால் மினிபஸ் பாஷையில் சொல்லலாம். நீங்களே ஏறவில்லையே.

விளையாட்டுக்குச் சொன்னேன். எனக்கும் சலிப்பு வந்திருக்கிறது. நாற்பது வருஷம் நற்கருணை ஆராதனையில் 'கிறிஸ்து மறுபடியும் வருவார்' என்று சபையோடு சேர்ந்து சொல்லியிருக்கிறேன். சில ஞாயிறுகளில் அது வெறும் வாய்ப்பாடாகத்தான் வாயிலிருந்து வந்தது. மறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு, திசையன்விளைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான். பனை பாளை விட பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். எங்கள் அப்பா ஏறின மரம் ஒன்றுகூட அவர் வைத்தது அல்ல. அவருடைய தாத்தா காலத்து மரங்கள். அப்பா வைத்த மரங்களில் அவர் ஏறவில்லை, முட்டி போய்விட்டது. ஆனாலும் ஒவ்வொரு புரட்டாசியிலும் கொட்டை ஊன்றினார். ஆண்டவர் வருவார் என்று அவரைவிட உறுதியாக நம்பின ஒருவரை நான் பார்த்ததில்லை. இரண்டையும் அவர் எப்படி ஒன்றாக வைத்திருந்தார் என்று நான் கேட்டதும் இல்லை, அவருக்கு அது கேள்வியாகவே தோன்றியிருக்காது.

இடையன்குடிக்குப் போயிருப்பீர்கள், பக்கம்தான். கால்டுவெல் அந்தக் கோவிலைக் கட்டி முடித்து 1880இல் பிரதிஷ்டை செய்யும்போது, வேலை ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஆண்டவர் வருவார் என்று பிரசங்கம் செய்துகொண்டே தேரி மணலில் கல்லின்மேல் கல் வைத்த மனிதர். ஒரு நாள் சாயங்காலம் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காற்று நன்றாக வரும்.

*

வீட்டுக்காரர் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் அழுகை நிற்கவில்லை. வருகையை நம்புகிறவள் இப்படி அழலாமா என்று சபையில் ஒரு சகோதரி கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து அடக்கி வைக்கிறேன். ஆண்டவர் வரும்போது அவரைப் பார்ப்பேனா ஐயா? எனக்கு அடையாளம் தெரியுமா?
பெயர் வேண்டாம், நாகர்கோவில்

அம்மா, அழுங்கள்.

அந்தச் சகோதரி மனதில் வைத்திருக்கும் வசனம் எனக்குத் தெரியும். நித்திரையடைந்தவர்களுக்காக 'நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத்' துக்கிக்க வேண்டாம் என்கிறார் பவுல். துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. நம்பிக்கை உள்ளவர்களின் துக்கம் என்று ஒன்று உண்டு, நீங்கள் நான்கு வருஷமாகச் செய்துகொண்டிருப்பது அதுதான். இறந்துபோன லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே ஆண்டவர் அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார்.

தெசலோனிக்கே சபைக்கு இருந்த கவலையும் உங்களுடையதுதான். ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்று காத்திருந்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். ஐயோ, இவர்கள் அந்த நாளைப் பார்க்காமல் போய்விட்டார்களே என்று மற்றவர்கள் கலங்கினார்கள். கி.பி. 50 வாக்கில், கொரிந்துவில் கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே பவுல் அவர்களுக்குப் பதில் எழுதினார். மரித்தவர்கள் பின்தங்கிப்போக மாட்டார்கள், அவர்கள்தான் முதலாவது எழுந்திருப்பார்கள் என்று. முடிக்கும்போது, இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றார். தேற்றத்தான் சொன்னார். கண்டிக்க அல்ல. அடுத்த முறை அந்தச் சகோதரி வந்தால் பதினெட்டாம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் முதலில் ஊழியம் செய்த சேகரத்தில் குழி வெட்டுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். கயிறு பிடித்து அளப்பார். பெட்டியை இறக்கும்போது கால் கிழக்கே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பார். நான் புதுசு, ஏன் என்று கேட்டேன். "எந்திரிச்சா நேரா வாறவரப் பாக்கணும்லா ஐயரே, திரும்பி நிக்கக் கூடாதுல்லா" என்றார். கிழக்கே விடியலைப் பார்த்தபடி அடக்கம் செய்வது சபையின் பழைய வழக்கம். புஸ்தகத்தில் நானும் படித்திருந்தேன். அவர் மண்வெட்டியோடு நின்று சொன்னபோதுதான் எனக்கு அது உறைத்தது. ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்து ஆராதனைக்குப் போகும்போது உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எந்தத் திசையைப் பார்க்கிறார் என்று பாருங்கள்.

அடையாளம் தெரியுமா என்று கேட்டீர்கள். மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்தவரை நேருக்கு நேர் பார்த்தும் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். கண் நிறைய தண்ணீர் இருந்தால் யாருக்கு முகம் தெரியும்? "மரியாளே" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொண்டாள். உங்களை அவர் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவும் வேண்டாம்.

*

ஐயர் தாத்தா, இயேசப்பா வரும்போது நீங்க என்ன செஞ்சிட்டு இருப்பீங்க?
ஆறாம் வகுப்பு மாணவன், மெஞ்ஞானபுரம்

காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தால் சட்டை போடாமல் கொல்லையில் நிற்பேன் பேராண்டி. போன வருஷம் புரட்டாசியில் நாற்பது பனங்கொட்டை ஊன்றினேன். பனங்கொட்டை முதலில் கீழேதான் போகும், கிழங்கு விடும். மேலே ஓலை எட்டிப்பார்க்கப் பல மாதம் ஆகும். பொங்கலுக்குக் கிழங்கைத் தோண்டித் தின்று தீர்க்காமல் விட்டால்தான் மரம். நான் தோண்டவில்லை, ஆனால் உன் ஐயரம்மா பாட்டி இரண்டைத் தோண்டி அவித்துவிட்டாள். மீதியில் இருபத்தேழு ஓலை விட்டிருக்கிறது. தினமும் எண்ணுகிறேன், அதனால் தெரியும்.

வேலிதான் சரியில்லை. அடுத்த வீட்டு ஆடு ஒன்று தென்கிழக்கு மூலையில் தலையை விட்டு மூன்று ஓலையைக் கடித்துவிட்டது. சனிக்கிழமை முள் வெட்டிக்கொண்டு வந்து கட்ட வேண்டும். நீ லீவில் இருந்தால் அப்பாவிடம் சொல்லிவிட்டு வா, ஒரு ஆள் அந்தப் பக்கம் பிடித்தால் சுலபமாக இருக்கும்.